வாசிப்புத் தீர்மானம் எளிதாக இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கலை ஒட்டிச் சென்னை நந்தனத்தில் புத்தகக் காட்சி நடைபெறும் நாட்களில், தமிழ் நாளிதழ்கள் அனைத்திலும் நூல் பரிந்துரைகளும் 'இந்த ஆண்டு தவறவிடக்கூடாத நூறு நூல்கள்' போன்ற பட்டியல்களும் வெளியாவதும், அவற்றைப் படித்தவர்கள் இந்த ஆண்டு ஐம்பது நூல் முடிப்பேன், நூறு நூல் முடிப்பேன் என்று முகநூலிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் அறிவிப்பதும் இப்போது வழக்கமாகிவிட்டன. தமிழில் இத்தனை பேர் வாசிப்பைப் பற்றிப் பேசுவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது. ஆயினும், பொது நூலகத் துறையில் கிளை நூலகராகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், ஜனவரியில் எடுக்கப்படும் பெரிய தீர்மானங்கள் எந்த மாதத்தில் எப்படிக் கைவிடப்படுகின்றன என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆண்டு முழுவதும் தாக்குப்பிடிக்கக்கூடிய, அவரவர் வாழ்க்கைக்கு ஏற்ற சிறிய வாசிப்புத் தீர்மானங்களைப் பற்றித் தங்கள் நாளிதழ் வாசகர்களிடம் பேச வேண்டும் என்ற விருப்பத்தினால் இதை எழுதுகிறேன்.

நூலகத்தில் இரவல் கொடுக்கும் நூல்களில் தேதிச் சீட்டு ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். நூலைத் திருப்பித் தரவேண்டிய தேதியை அதில் முத்திரையிட்டுக் கொடுப்போம். பல பாகங்கள் கொண்ட ஒரு சரித்திர நாவலை அடுக்கிலிருந்து எடுத்து அந்தச் சீட்டுகளை மட்டும் வரிசையாகப் பார்த்தாலே போதும், ஊர் எவ்வாறு வாசிக்கிறது என்பது விளங்கிவிடும். முதல் பாகத்தின் சீட்டு நிறைந்து, அதன்மேல் இன்னொன்று ஒட்டப்பட்டு, அதுவும் நிறைந்திருக்கும்; மூன்றாம் பாகத்தின் சீட்டிலோ பாதி கட்டங்கள் காலியாக இருக்கும். உள்ளே புரட்டினால் முதல் ஐம்பது பக்கங்களின் ஓரங்கள் விரல் பட்டுப் பட்டுப் பழுப்பேறித் துணிபோலத் துவண்டிருக்க, அதற்குப் பிந்திய பக்கங்கள் அச்சகத்திலிருந்து வந்தபடியே வெளுப்பாக இருக்கும். முத்திரைகளின் மாதங்களையும் கவனித்தால், முதல் பாகத்தை எடுத்துச் சென்றவர்களில் கணிசமானோர் ஆண்டின் முதல் சில வாரங்களில் வந்தவர்கள் என்பது தெரியும்.

அவர்கள் நூலைப் பாதியில் நிறுத்தியது எனக்குப் பெரிய குறையாகத் தோன்றவில்லை. நிறுத்தியவர்கள் அதற்குப் பிறகு நூலகத்துக்கே வராமல் போனதுதான் என்னை உண்மையாகவே வருத்தியது. கடைத்தெருவில் எதிரே பார்த்தால், 'சார், அந்தப் புத்தகம் இன்னும் முடியல, முடிச்சுட்டு வரேன்' என்று கடன் வாங்கியவர்போலத் தலையைக் குனிந்து சொல்வார்கள். முடிக்காவிட்டாலும் பரவாயில்லை, கொண்டுவந்து கொடுத்துவிட்டு வேறு எடுத்துச் செல்லுங்கள் என்று நான் சொன்னாலும், ஏற்றுக்கொண்ட எண்ணிக்கையை எட்ட முடியவில்லை என்ற கூச்சம் அவர்களை விடுவதில்லை. வாசிப்பின்மீது கொண்ட ஆசையால் எடுத்த தீர்மானமே அவர்களை வாசிப்பிலிருந்து விலக்கிவிடுகிறது.

இதற்கு நேர்மாறான ஒருவரையும் குறிப்பிட வேண்டும். ஜவுளிக்கடை ஒன்றில் பணிபுரிந்த ஒரு பெண்மணி எங்கள் கிளை நூலகத்தில் உறுப்பினராக இருந்தார். மாலைப் பேருந்தில் நிற்கவே இடமிருக்காது என்பதால், காலையில் கடைக்குப் போகும் நகரப் பேருந்தில் உட்கார இடம் கிடைக்கும் நாட்களில் மட்டுமே அவர் வாசிப்பார். ஒரே நாவலை மீண்டும் மீண்டும் புதுப்பித்து, ஐப்பசி கார்த்திகை மழைக்காலம் முழுவதும் அதையே கையில் வைத்திருந்தார். வாசகர் வட்டக் கூட்டத்தில் அந்த நாவல் பேசப்பட்டபோது, அதில் வரும் மாமியாரின் ஒரு சொல் கதையின் பிற்பகுதியில் எங்கே திரும்ப வருகிறது என்பதை அவர்தான் எடுத்துக் காட்டினார். ஒரே வாரத்தில் அதைப் படித்து முடித்திருந்த எவருடைய கண்ணிலும் அது பட்டிருக்கவில்லை. அந்த ஆண்டில் அவர் எத்தனை நூல் படித்தார் என்று கணக்கெடுத்தால் மிகக் குறைவாகவே வரும். எனினும் எங்கள் நூலகத்தின் சிறந்த வாசகர்களில் ஒருவராகவே அவரை இன்றும் நினைக்கிறேன்.

எண்ணிக்கையை இலக்காக வைப்பதில் இன்னொரு தீங்கும் உண்டு. படித்த நூல்களைக் கணக்கு வைத்துக்கொள்ள உதவும் குட்ரீட்ஸ் போன்ற இணையத் தளங்களில் ஆண்டுத் தொடக்கத்தில் ஓர் எண்ணைப் பதிவு செய்துகொண்டால், எண்பது பக்கக் குறுநாவலும் எண்ணூறு பக்க நாவலும் அங்கே ஒவ்வொன்றாகவே கணக்கில் ஏறும். ஆண்டு முடியும் தறுவாயில் எண்ணை எட்ட வேண்டும் என்ற அவசரத்தில் வாசகர் மெல்லிய நூல்களைத் தேடிப் போவது இயல்பு. கவிதையை எந்தக் கணக்கில் சேர்ப்பது? உ.வே.சாமிநாதையர் தம் உரையுடன் 1937இல் பதிப்பித்த குறுந்தொகையில் நானூறு பாடல்களுக்குச் சற்று மேல் உள்ளன. பெரும்பாலும் நான்கிலிருந்து எட்டு அடிகள் கொண்டவை. நாளுக்கு ஒரு பாடல் என்று உரையோடு நிதானமாகப் படித்தால் ஓர் ஆண்டைத் தாண்டி ஒரு மாதத்துக்கும் மேல் செல்லும். நற்றிணையும் அகநானூறும் புறநானூறும் பாடல் எண்ணிக்கையில் ஏறத்தாழ அதே அளவினவே. நாளுக்கு ஒரு குறள் என்றால் 1330 குறட்பாக்களுக்கு மூன்றரை ஆண்டுகளுக்கும் மேலாகும். வாரத்துக்கு ஓர் அதிகாரம் என்றாலும் 133 அதிகாரங்களுக்கு இரண்டரை ஆண்டைத் தாண்டும். இப்படிப் படிப்பவர் டிசம்பர் 31 அன்று 'இந்த ஆண்டு ஒரு நூலும் முடிக்கவில்லை' என்றுதான் எழுத வேண்டியிருக்கும். ஆனால் அவரைவிடச் செறிவாக அந்த ஆண்டைக் கழித்த வாசகர் வேறு யாராக இருக்க முடியும்?

நாம் இன்று ஒரே மூச்சில் முடித்துவிடத் துடிக்கும் பெரிய நாவல்கள் பலவும் தொடக்கத்தில் அப்படி வாசிக்கப்பட்டவை அல்ல. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' வார இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே மாதம் வரை, மூன்றரை ஆண்டுக் காலம் தொடராக வந்தது. இதழ் வரும் நாளுக்காகக் காத்திருந்து, வாரத்துக்கு ஓர் அத்தியாயமோ இரண்டோ படித்து, அடுத்த இதழ் வரும்வரை திண்ணையிலும் அலுவலகத்திலும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவர்கள் அந்நாவலின் முதல் வாசகர்கள். ஐந்து பாகங்களையும் மொத்தமாக வாங்கிவந்து இந்த மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று தமக்குத் தாமே கெடு வைத்துக்கொள்ளும் இளைஞர்களிடம் நான் இந்தச் செய்தியைத்தான் சொல்வது வழக்கம். வாரத்துக்கு இரண்டு அத்தியாயம் படியுங்கள், எழுதியவர் எழுதிய வேகத்துக்கு அது நெருக்கமானதுதான் என்று சொன்னால், அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும்.

அப்படியானால் தீர்மானமே வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும் என்பதே என் எண்ணம். வேலை, வீடு, கைபேசி ஆகிய மூன்றுக்கும் நடுவே, தீர்மானித்து ஒதுக்காத நேரம் வாசிப்புக்குக் கிடைப்பதில்லை. ஆனால் நூல்களின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பதைவிட, நாளில் ஒரு சிறு பொழுதைத் தீர்மானிப்பது நல்லது. காலை காப்பிக்குப் பின் கால் மணி நேரம், மதிய உணவு இடைவேளையில் பத்து நிமிடம், இரவு விளக்கணைக்கும் முன் ஐந்து பக்கம் என ஏதேனும் ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம். அந்தப் பொழுதும் ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு காரியத்தோடு சேர்ந்திருந்தால் நிலைத்துவிடும். காப்பியை யாரும் மறப்பதில்லை. அதனருகே நூல் இருந்தால் அதையும் மறக்க மாட்டார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்தச் சிறு அளவு ஒன்றும் அற்பமானதாக இல்லை. நாளுக்கு ஐந்து பக்கம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டின் 365 நாட்களையும் கணக்கில் எடுக்க வேண்டாம். காய்ச்சல், கல்யாணம், பயணம், விருந்தினர் வருகை, மனம் ஒட்டாத நாட்கள் ஆகியவற்றுக்காக அறுபத்தைந்து நாட்களை முன்கூட்டியே கழித்துவிட்டு முந்நூறு நாட்களை மட்டும் எடுத்துக்கொண்டால், 1500 பக்கங்கள் வரும். இருநூறு பக்க நூல்களாகப் பார்த்தால் ஆண்டுக்கு ஏழு நூல்கள். நூலே தொடாமல் பல ஆண்டுகள் கழித்த ஒருவருக்கு இது சிறிய எண்ணன்று. அந்த அறுபத்தைந்து நாட்களை முதலிலேயே கழித்துவைப்பதுதான் இதில் மிக முக்கியமானது என்று கருதுகிறேன். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் பத்துப் பக்கம் படித்து ஈடுகட்ட வேண்டும் என்ற விதி வந்துவிட்டால், மூன்று நாள் விட்டுப்போனவருக்கு இருபது பக்கம் எதிரே நிற்கும். பிறகு நூலைத் திறக்கவே மனம் வராது. விட்ட நாளை விட்டுவிட்டு, இன்றைய ஐந்து பக்கத்தை மட்டும் படித்தால் போதும்.

ஆண்டைப் பன்னிரண்டு சம பங்குகளாகப் பிரித்து மாதம் இத்தனை என்று வைப்பதும் நம் வீடுகளுக்குப் பொருந்தாது. பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு உள்ள வீட்டில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் பெற்றோருக்கும் அமைதி இருக்காது. வங்கியிலும் கணக்குத் துறையிலும் பணிபுரிபவர்களுக்கு மார்ச் முடியும்வரை மூச்சுவிட நேரமில்லை. ஜூன் மாதம் பள்ளி திறப்புச் செலவுகளும் அலைச்சலும் சேர்ந்துகொள்ளும். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் கடைகளில் வேலை செய்பவர்களுக்கு இரவு பதினொரு மணிக்குமுன் வீடு திரும்ப இயலாது. எங்கள் டெல்டாப் பகுதியில் நடவும் அறுவடையும் வேறொரு காலக்கணக்கை வைக்கின்றன. ஆகவே அவரவர் வீட்டின் ஆண்டைப் பார்த்து, நெருக்கடியான மாதங்களில் சிறுகதை, கட்டுரை, கவிதை என்று ஒரே அமர்வில் முடியக்கூடியவற்றை வைத்துக்கொண்டு, பெரிய நாவலை மே விடுமுறைக்கோ வடகிழக்குப் பருவமழையின் மாலைகளுக்கோ ஒதுக்கிக்கொள்ளலாம். நூல் வாங்குவதையும் இதோடு இணைக்க முடியும். சென்னைக் காட்சியில் ஒரே நாளில் மூட்டையாக வாங்கிவந்து அடுக்கிவைத்து, அந்த அடுக்கைப் பார்க்கும்போதெல்லாம் மலைப்பதைவிட, அங்கே இரண்டு மூன்று நூல்களை மட்டும் வாங்கி, அவற்றை முடித்தபின் வழக்கமாக ஜூலையில் நெய்வேலியிலும் ஆகஸ்டில் ஈரோட்டிலும் பிற மாதங்களில் மற்ற மாவட்டங்களிலும் நடக்கும் புத்தகத் திருவிழாக்களில் அடுத்ததைத் தேர்ந்தெடுக்கலாம்.

வாங்குவதைப் பற்றிச் சொல்லும்போது நூலகத்தைச் சொல்லாமல் இருக்க என்னால் இயலாது. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் வழியாக, வீட்டுவரி கட்டும் ஒவ்வொருவரும் அதனோடு நூலக வரியும் செலுத்துகிறோம். அந்தப் பணத்தில் வாங்கப்பட்ட நூல்கள் ஊர்ப்புற நூலகம் வரை வந்து காத்திருக்கின்றன. பிடிக்குமோ பிடிக்காதோ என்று தெரியாத நூலை முதலில் அங்கே எடுத்துப் பார்ப்பதில் எந்த நட்டமும் இல்லை. பழந்தமிழ் நூல்களையும் நாட்டுடைமையாக்கப்பட்ட படைப்புகளையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் மதுரைத் திட்டத்தின் தளத்திலும் கட்டணமின்றிப் படிக்கலாம். கண்புரை அறுவை முடித்தவர்களும், எழுத்து மங்கித் தெரிகிற முதியவர்களும், திரையில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பதையோ ஒலிநூலாகக் கேட்பதையோ வாசிப்பிலிருந்து ஒரு படி குறைவானதாக எண்ண வேண்டியதில்லை. நாவலை வீட்டில் ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்ட பழக்கம் நம்மிடம் நெடுங்காலம் இருந்ததுதான்.

நூலகத் துறையில் இருந்தவர்கள் அனைவரும் போற்றும் எஸ்.ஆர்.ரங்கநாதன் சீர்காழியில் பிறந்தவர். அவர் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது. இன்னொன்று, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. ஒரு மனிதர் இத்தனை நூல் படித்தாக வேண்டும் என்று அவற்றில் எதுவும் சொல்லவில்லை. அதே 1931ஆம் ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நடமாடும் நூலகம் புறப்பட்டது. வேலை முடிந்து வீடு திரும்பும் கிராமத்து மக்கள் நகரத்துக்கு நடந்துவந்து நூல் எடுக்க மாட்டார்கள் என்பதை உணர்ந்து, நூலை அவர்கள் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோனார்கள். வாசகரின் வாழ்க்கை எப்படி இருக்கிறதோ அதற்கேற்ப வாசிப்பை அமைக்கவேண்டும் என்று அன்று நினைத்தவர்களின் வழியில் வந்த நாம், வாசகர்களின் வாழ்க்கையைப் பாராமல் எல்லோருக்கும் ஒரே நூறு நூல் பட்டியலைக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பட்டியல்களால் பயனில்லை என்று சொல்ல மாட்டேன். நூறில் தமக்கு ஆசை பிறக்கும் நான்கைத் தேர்ந்துகொண்டு மற்றவற்றை மறந்துவிடலாம் என்ற ஒரு வரியை அவற்றின் தலைப்பிலேயே சேர்த்தால் போதும்.

ஒரு நூலைப் பாதியில் வைத்துவிட வாசகருக்கு முழு உரிமை உண்டு என்பதையும் தீர்மானத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது. ஐம்பது பக்கம் படித்தும் உள்ளே நுழைய முடியாத நூலை, பாதகமில்லை, இன்னொரு வயதில் பார்த்துக்கொள்வோம் என்று மூடிவைப்பதால் நூலுக்கோ எழுதியவருக்கோ அவமரியாதை இல்லை. முன்பு படித்த நூலை மறுபடி படிப்பதும் இந்த ஆண்டின் வாசிப்பில் சேரும். கல்லூரிக் காலத்தில் காதல் கதையாகப் படித்ததை ஐம்பது வயதில் அப்பா பிள்ளை கதையாகப் படிக்க நேர்வது பலருக்கும் அனுபவம்.

பிள்ளைகளின் விஷயத்தில் மட்டும் சற்று அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். கோடை விடுமுறையில் முப்பது நூல் முடித்தால் சைக்கிள், ஐம்பது முடித்தால் கைபேசி என்று பெற்றோர் விலை பேசுவதை நூலகத்திலேயே கேட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் அடுக்கிலிருந்து மிக மெல்லிய நூல்களாகப் பொறுக்கி எடுத்து, படங்களை மட்டும் புரட்டிவிட்டு, மறுநாளே கொண்டுவந்து கொடுப்பார்கள். அதே வயதில் இன்னொரு சிறுவன், பறவைகளைப் பற்றிய ஒரே நூலை வாரக்கணக்கில் வைத்துக்கொண்டு, குளத்தங்கரையில் பார்த்த நீர்க்காகத்தின் படத்தைக் காட்டி, 'சார், இது றெக்கையை விரிச்சுக் காயவைக்கும், நான் பாத்தேன்' என்று சொல்லிச் சென்றான். அவனுடைய பெற்றோரும் அவனை எத்தனை நூல் படித்தாய் என்று கேட்டிருந்தால் அவன் அந்த நூலை எப்போதோ திருப்பிக் கொடுத்திருப்பான். வீட்டில் பெரியவர்கள் தம் கால் மணி நேரத்தைப் பிள்ளைகளின் கண்ணெதிரே ஒதுக்கினால் அவர்களுக்கு வேறு பரிசு எதுவும் தேவைப்படாது.

தங்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் இதுதான். அடுத்த ஜனவரியில் நூல் பட்டியலை வெளியிடும்போது அதனருகே, ஒரே நூலை மாதக்கணக்கில் வாசித்த சாதாரண வாசகர்கள் சிலரின் அனுபவத்தையும், அவர்கள் நாளின் எந்தப் பொழுதில், எந்த இடத்தில், எவ்வளவு வாசித்தார்கள் என்ற விவரத்தோடு வெளியிட வேண்டுகிறேன். ஓட்டுநர்கள், செவிலியர்கள், கடை ஊழியர்கள், இல்லத்தரசிகள், வயலில் உழைப்பவர்கள் ஆகியோரிடமிருந்து அவற்றைக் கேட்டுப் பெற வேண்டும். கிளை நூலகங்களின் வாசகர் வட்டங்கள் அவர்களைத் தங்களுக்கு அறிமுகப்படுத்த ஆயத்தமாக இருக்கும். மேலும், நவம்பர் 14 முதல் 20 வரை கொண்டாடப்படும் தேசிய நூலக வாரத்தில், அதிக நூல் படித்தவர் யார் என்ற போட்டிக்குப் பதிலாக, 'இப்போது வாசித்துக்கொண்டிருப்பது' என்ற தலைப்பில் வாசகர்களின் கடிதங்களுக்கு நாள்தோறும் கால் பக்கம் ஒதுக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். வாசித்து முடித்தவற்றுக்கு மட்டுமே இதுவரை இடம் கிடைத்துவருகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிளை நூலகர் ஒருவர்,
கும்பகோணம்.